அத்தான் பேசி முடிக்கும் நேரம்

மானுட குலம் முழுவதற்கும், குறிப்பாக மூன்றாம் மாடி ஊழியர்களுக்கும், இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: உயிர் தோன்றிய நாள் முதலாகத் தன் இஷ்டத்துக்கு ஆடிக்கொண்டிருந்த புரதம் என்னும் வஸ்து இன்றோடு மனிதனின் கட்டளைக்கு அடிபணிகிறது, அதை நிறுத்தவும் ஓட்டவும் ஒரு சுவிட்ச் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது, நோய் என்ற சொல்லை இனி அகராதியில் தேடிக்கொள்ளலாம், இதைக் கொண்டாட அனைவரும் பிற்பகல் தேநீருக்கு வரவும், கோப்பையை அவரவர் கொண்டுவரவும்.

இதை எழுதியவர் அந்த ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவர். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் மாடி முழுக்க அவரை ‘பிரகடனம்’ என்றுதான் சொல்வார்கள், அவர் காதுக்கு எட்டாத தூரத்தில். ஃப்ரிட்ஜ் கதவுக்குப் புது ரப்பர் போட்டால் பிரகடனம். கைகழுவும் தொட்டியில் அடைப்பு எடுத்தால் பிரகடனம். அந்த வகையில் புரதத்துக்குச் சுவிட்ச் கிடைத்தது அவருக்கு வாராது வந்த வாய்ப்பு. அறிவிப்பை மாடிக்கு அனுப்பியதோடு நிற்காமல், பணம் கொடுக்கும் இடத்துக்கும், பணம் கொடுக்காத இடங்களுக்கும், தன்னோடு கல்லூரியில் படித்துவிட்டுத் தன்னைவிடப் பெரிய பதவிக்குப் போய்விட்ட எல்லாருக்கும் அனுப்பினார்.

சுவிட்சைக் கண்டுபிடித்தவள் அந்தத் தேநீர்க் கூட்டத்தில் கடைசியாக, தொட்டிக்குப் பக்கத்தில், கோப்பையைக் கொண்டுவர மறந்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். வீட்டில் அவள் சின்னவள். இரண்டு பெண்களில் இளையவள் என்பதால் வந்த பெயர். ஐம்பது வயது வாசலுக்கு வந்து கதவைத் தட்டிய பிறகும் விடவில்லை. ஒருமுறை அவளுடைய அக்கா கணவர் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போன் செய்து, யார் எடுக்கிறார்கள் என்று பார்க்காமல், “சின்னவ இருக்காளா?” என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து இங்கேயும் அதே பெயர், மரியாதைக்கு ஒரு வால் சேர்த்து: சின்னவ மேடம்.

விஷயம் இதுதான். செல்லுக்குள் ஓடியாடி வேலை செய்வதெல்லாம் புரதங்கள். அவற்றில் ஒன்று, சிலருடைய நரம்புச் செல்களில் மட்டும், வேலையை எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் ஓடிக்கொண்டே இருக்கும். செல் களைத்துச் செத்துப்போகும். அந்தப் புரதத்தின் வாயைப் பொத்துவதற்குச் சின்னவள் ஓர் இழையை வடிவமைத்திருந்தாள். டி.என்.ஏ. இழைதான், ஆனால் அப்பா மூக்கு, அம்மா முழி என்று பரம்பரைச் செய்தி எதையும் சுமக்காத, இந்த ஒரு வேலைக்கென்றே எழுத்துக்கூட்டிச் செய்த சின்னத் துண்டு. உப்பு நீரில் போட்டால் அது தன்னைத் தானே மடித்துக்கொண்டு கொக்கியாகிவிட வேண்டும். கொக்கி புரதத்தின் வாயில் மாட்டிக்கொண்டால் புரதம் நிற்கும். பிறகு அதற்கு ஜோடியான இன்னோர் இழையை உள்ளே அனுப்பினால், அது கொக்கியைப் பிடித்து இழுத்து நேராக்கிவிடும். புரதம் மறுபடி ஓடும்.

நடக்கிறதா என்று கண்ணால் பார்க்கவும் வழி வைத்திருந்தார்கள். புரதம் ஓடும்வரை செல் பச்சையாக ஒளிரும். நின்றால் பச்சை அணையும். ஒருநாள் சின்னவள் இருட்டறையில் நுண்ணோக்கியில் கண் வைத்தபோது, எப்போதும் பச்சை விளக்குகள் எரியும் ஊர் மாதிரி இருக்கும் தட்டு, மின்சாரம் போன ஊர் மாதிரி இருந்தது. செல்கள் உயிரோடுதான் இருந்தன. பச்சை மட்டும் இல்லை. ஜோடி இழையைக் கொடுத்தாள். மறுநாள் பார்த்தால் ஊருக்கு மின்சாரம் திரும்பியிருந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி பார்த்து, மறுபடி துடைத்தாள். அதற்குள் பிரகடனம் அறிவிப்பை எழுத ஆரம்பித்திருந்தார்.

சிக்கல் தேநீருக்குப் பிறகு தொடங்கியது. இரண்டாம் தடவை செய்தபோது பச்சை அணையவில்லை. மூன்றாம் தடவையும் இல்லை. இன்னொருவர் செய்து பார்க்கட்டும் என்று தராசிடம் கொடுத்தார்கள். தராசு என்பது அடுத்த மேஜைக்காரர். தபாலில் வந்த பொட்டலத்தைக்கூட எடை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பிரிப்பார். வீட்டில் மனைவி திட்டியதையும் அளந்து சொல்வார் என்று கேள்வி.

“சின்னவ மேடம், நான் ஒண்ணும் சொல்லல,” என்று வந்து நின்றார் தராசு. அவர் இப்படி ஆரம்பித்தால் நிறையச் சொல்லப்போகிறார் என்று அர்த்தம்.

“சொல்லுங்க.”

“எனக்கு அணைய மாட்டேங்குது. திரும்பத் திரும்பப் பண்ணிட்டேன். வயல் மாதிரி பச்சைப் பசேல்னு நிக்குது.”

“எனக்கும்தான் அதுக்கப்புறம் அணையல.”

“அன்னைக்கு மட்டும் எப்படி அணைஞ்சுது?”

“தெரிஞ்சா வெச்சுக்கிட்டு வஞ்சனையா பண்றேன்?”

“இங்க பாருங்க, நான் உங்களைச் சந்தேகப்படல. உங்க முடிவைத்தான் சந்தேகப்படறேன்.”

“ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம் இருக்கு?”

தராசு யோசித்தார். நிறுக்காமல் பதில் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. “கொஞ்சம் இருக்கு,” என்றார்.

அந்தக் கொஞ்ச தூரமும் நாளுக்கு நாள் சுருங்கியது. பிரகடனத்தின் அறிவிப்பைப் படித்துவிட்டு, பணம் கொடுக்கும் இடத்திலிருந்து ஒரு குழு வருவதாகச் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை நேரில் வந்து, பச்சை அணைவதைத் தங்கள் கண்ணால் பார்ப்பார்களாம். பிரகடனம் அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

“விதிப்படிதானே செஞ்சீங்க?”

“விதிப்படிதான் சார்.”

“அப்ப இன்னும் விதிப்படி செய்யுங்க.”

விதி என்பது இழையை எடுத்து வைக்கும் விதி. ஹீட் பிளாக் இருந்த மேஜைக்கு மேலே, பளபளப்பான உறை போட்டு, கையெழுத்தோடு பிரகடனமே ஒட்டியது: ‘இழையைச் சூடாக்கு. சூட்டோடு சூடாக ஐஸில் போடு. இடையில் யோசிக்காதே.’ ஹீட் பிளாக் என்றால் குழிகள் போட்ட ஓர் உலோகக் கட்டி. குழிக்குள் டியூபைச் செருகிச் சூடேற்றினால், பெட்டியில் கிடந்து சிடுக்காகிப் போன இழை நேராகும். பிரகடனம் இளைஞராக இருந்தபோது செய்த ஆராய்ச்சிக்கு அப்படி உடனே ஐஸில் போட்டது சரியாக வந்தது. ஆகவே அது உலகத்துக்கே விதியாகிவிட்டது.

“குழுகிட்ட திங்கட்கிழமை என்ன சொல்றது?” என்றார் பிரகடனம். “நீங்க பார்த்ததா சொன்னீங்க, நான் நம்பினேன். அவ்வளவுதானே?”

அறிவிப்பில் ‘நாங்கள் கண்டோம்’ என்று இருந்தது, எதிரே உட்கார்ந்ததும் ‘நீங்க பார்த்ததா சொன்னீங்க’ என்று ஆகிவிட்டதைச் சின்னவள் கவனித்தாள். திங்கட்கிழமை பச்சை அணையாவிட்டால் ஆராய்ச்சியை மூடுவார்கள். அதுகூடப் பெரிதில்லை; மூடிய ஆராய்ச்சிகளின் டப்பாக்கள் கிடங்கில் கூரையைத் தொடுகின்றன. ஆனால் இந்தத் தொழிலில், ஒரே ஒருத்தி ஒரே ஒரு தடவை பார்த்த, வேறு யாரும் பார்க்க முடியாத முடிவுக்கு ஒரு பெயர் உண்டு. அதை யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். நடைபாதையில் அவள் வந்தால் பேச்சை மாற்றுவார்கள். அதற்குப் பிறகு அவள் ‘மழை பெய்கிறது’ என்றால்கூட ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் குடை எடுப்பார்கள்.

அவள் இன்னும் விதிப்படி செய்தாள். ஐஸ் டப்பாவை ஹீட் பிளாக்குக்கு ஒட்டியே வைத்துக்கொண்டு, கண் இமைப்பதற்குள் டியூபை மாற்றினாள். எவ்வளவுக்கு எவ்வளவு கவனமாகச் செய்தாளோ அவ்வளவுக்கு அவ்வளவு பச்சை ஜொலித்தது. சனிக்கிழமை சாயங்காலம் இருட்டறையில் உட்கார்ந்து, அன்று பார்த்தது உண்மைதானா என்று அவளே தன்னைக் கேட்டுக்கொண்டாள். நுண்ணோக்கியின் விளக்கைப் போட மறந்திருப்போமோ? பச்சை அணைந்த செய்தி வந்த அன்று தராசு கேட்ட முதல் கேள்வியும் அதுதான். அப்போது அவளுக்குக் கோபம் வந்தது. இப்போது வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அக்கா வீட்டில். சின்னவள் குடியிருப்பது அதே கட்டடத்தில் மேல் தளத்தில் ஒற்றை ஆளுக்கான இரண்டு அறைகளில். கல்யாணம் வேண்டாம் என்று அவள் சொன்ன காலத்தில் உறவு மொத்தமும் வரிசையில் நின்று புத்தி சொன்னது. அக்காவின் கணவர் மட்டும், “சரி, அப்ப மேல் வீடு காலியா இருக்கு, பார்க்கறியா?” என்றார். சொல்லிவிட்டு அந்த வீட்டின் ஜன்னல், கதவு, குழாய் எல்லாவற்றையும் பற்றி விடாமல் பேசினார். அவள் சம்மதித்ததே பேச்சை நிறுத்தத்தான் என்று அக்கா இன்றுவரை சொல்வாள்.

அத்தான் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்று விசில் ஊதிச் சொன்ன மனிதர், வாயைத் திறந்தால் தான் எப்போது நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. சின்னவளின் புரதத்துக்கு இருந்த அதே வியாதி.

அன்றைக்கு அத்தான் வழக்கத்தைவிட உற்சாகமாக இருந்தார். அக்காவின் கண் மட்டும் சிவந்திருந்தது.

“என்னாச்சு?” என்றாள் சின்னவள்.

“உங்க அத்தான் கழுத்துல ஒரு கட்டி இருந்துதாம்,” என்றாள் அக்கா. “ஊசி குத்திப் பரிசோதனைக்கு எடுத்தாங்களாம். நேத்துதான் ரிசல்ட் வந்துதாம். ஒண்ணும் இல்லையாம், வெறும் கொழுப்பாம். எனக்கு எல்லாமே இன்னைக்குக் காலையிலதான் தெரியும். கட்டின பொண்டாட்டிக்கு.”

“சொன்னா நீ அழுவ,” என்றார் அத்தான்.

“சொல்லாததுக்கும்தான் அழறேன். என்ன லாபம்?”

“கொழுப்புதானே அக்கா. அவருக்கு இருக்கறதுதானே,” என்றாள் சின்னவள்.

“நீயும் ஆரம்பிச்சிட்டியா?” என்று அத்தான் சிரித்தார். பிறகு சோற்றைப் பிசைந்தபடி, அவள் முகத்தைப் பார்க்காமல், “ஊசி போடறதுக்காக டாக்டர் ரூமுக்கு வெளியே உக்காந்திருந்தேன் பாரு, அன்னைக்குக் கை காலெல்லாம் உதறிடுச்சு. யாருக்காவது போன் பண்ணலாம்னா யாருக்குப் பண்றது? உனக்குத்தான் பண்ணேன். நீதான் பொறுமையா முழுசா கேட்ட. அதை நான் மறக்க மாட்டேன் சின்னவ.”

“எனக்கா? கழுத்துக் கட்டியைப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலையே.”

“அதைச் சொல்லல. பாத்ரூம் சுவத்துல ஈரம் இறங்குதே, அதைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோமே.”

சின்னவளுக்கு ஞாபகம் வந்தது. ஈரச் சுவரைப் பற்றி ஏதோ போன் வந்தது நிஜம். வேலை நேரத்தில் வந்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு ‘ம்’ போட்டுக்கொண்டிருந்தாள்.

“முழுசா கேட்டாளா?” என்றாள் அக்கா. “நீங்க பேசி முடிக்கறதுக்குள்ள அடுப்புல கொதிக்கிற தண்ணியே ஆறிப்போயிடும். அவ்வளவு நேரம் யாரு கேப்பா?”

சின்னவளின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

“அக்கா, இப்ப என்ன சொன்ன?”

“எதுக்கு முறைக்கற? உங்க அத்தானைத்தானே சொன்னேன்.”

“அத்தான், ஊசி போட்டது என்னைக்கு?”

அவர் சொன்னார். அன்றுதான். பச்சை அணைந்த தட்டுக்கு இழையைத் தயார் செய்த அன்று. இழை ஹீட் பிளாக்கில் கொதித்துக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. அதிகம் சூடாகிவிடக் கூடாதே என்று ஒரு கையால் பிளாக்கின் சுவிட்சை அணைத்தது இப்போது படம் மாதிரித் தெரிந்தது. அதற்குப் பிறகு? டியூபை ஐஸில் வைத்தேன் என்று இத்தனை நாள் சத்தியம் செய்திருப்பாள். வருடக்கணக்காக ஐஸில் வைத்து வைத்து, கையின் பழக்கத்தை அன்றைய ஞாபகம் என்று நம்பியிருக்கிறாள். ஐஸில் வைக்கவேயில்லை. அத்தான் சுவரைப் பற்றிப் பேசி முடிக்கும்வரை டியூப் பிளாக்கிலேயே கிடந்தது. பிளாக்கும் டியூபும் சேர்ந்து மெல்ல மெல்ல ஆறியிருக்கின்றன. போர்வையை அவசரத்தில் சுருட்டி அலமாரிக்குள் திணித்தால் மூட்டையாகும். முனைக்கு முனை பார்த்து நிதானமாக மடித்தால்தான் மடிப்பு நிற்கும். இழைக்கும் அதே கதிதான். ஐஸில் போட்டபோதெல்லாம் அது மூட்டையாகியிருக்கிறது. அன்று ஒருநாள்தான் அதற்கு மடிய நேரம் கிடைத்தது.

அவள் எழுந்து கை கழுவினாள்.

“சாப்பிட்டுட்டுப் போடி,” என்றாள் அக்கா.

“நான் என்ன தப்பா சொல்லிட்டேன்?” என்றார் அத்தான்.

மூன்றாம் மாடியில் ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லை. ஃப்ரிட்ஜ்களின் முனகல் மட்டும். சின்னவள் இரண்டு டியூப்களைச் சூடாக்கினாள். ஒன்றை விதிப்படி ஐஸில் போட்டாள். மற்றதை பிளாக்கிலேயே விட்டுச் சுவிட்சை அணைத்தாள். எவ்வளவு நேரம் விடுவது? அவளுக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றே ஒன்றுதான். போனை எடுத்தாள்.

“அத்தான், அந்தச் சுவத்துக் கதையை முதல்லேருந்து சொல்லுங்க.”

“கிண்டலா?”

“இல்ல அத்தான், நிஜமா. அன்னைக்குச் சொன்ன மாதிரியே சொல்லுங்க. சுருக்கிடாதீங்க.”

வாழ்நாளில் அவரிடம் யாரும் கேட்காத வரம். அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். கண்ணாடிக்குக் கீழே ஒரு இடத்தில் பெயிண்ட் உப்பியது. முதலில் பட்டாணி அளவுதான். அவர் அதைத் தினமும் ஷேவ் செய்யும்போது விரலால் தொட்டுப் பார்ப்பார். ஒருநாள் கல் மாதிரி இருக்கும், ஒருநாள் மெத்தென்று இருக்கும். கொத்தனார் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது சார், உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று உடைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றார். அக்காவிடம் சொல்லவில்லை, சொன்னால் வீட்டையே மாற்றச் சொல்வாள். ராத்திரியில் விழிப்பு வந்தால் அதே நினைப்பு.

இந்தத் தடவை சின்னவள் கேட்டாள். ‘ம்’ போடாமல் கேட்டாள். பாத்ரூம் கண்ணாடிக்குக் கீழே உப்பியது எது என்று கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தபோது, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“அத்தான்,” என்றாள், “அன்னைக்கு நான் சரியா கேக்கல.”

“தெரியுமே.”

“தெரியுமா?”

“நடுவுல ரெண்டு தடவை ‘சென்ட்ரிஃப்யூஜ் காலியா’ன்னு யார்கிட்டயோ கேட்ட. நான் சுவரு இடிஞ்சு விழுந்துடுச்சுன்னு சொன்னப்போ ‘ரொம்ப நல்லது அத்தான்’ன்ன.”

“அப்புறம் எதுக்கு முழுசா கேட்டேன்னு அக்கா முன்னாடி சொன்னீங்க?”

“நீ போனை வெக்கல இல்ல. எங்கிட்ட எல்லாரும் ‘அப்புறம் கூப்பிடறேன்’ம்பாங்க. நீ வெக்கல. உள்ள கூப்பிடற வரைக்கும் அந்தப் பக்கம் ஒரு ஆள் இருக்குன்னு இருந்துது பாரு, அது போதும். கேக்கறதெல்லாம் அவ்வளவு முக்கியமில்ல.”

சின்னவள் டியூபைத் தொட்டுப் பார்த்தாள். ஆறியிருந்தது. அத்தான் அடுத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் போயிருந்தார். போனை வைக்காமல், ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் நிறுத்தி, அவர் குரலோடேயே இரண்டு தட்டுகளுக்கும் இழைகளைக் கொடுத்து இன்குபேட்டரில் வைத்துக் கதவை மூடினாள்.

திங்கட்கிழமை குழு வந்தது. குழுத் தலைவி சின்ன உருவம், தடித்த ஸ்வெட்டர், எந்தப் பேச்சிலும் எந்த இடத்தில் தூங்கலாம் என்று தெரிந்த அனுபவசாலி. பிரகடனம் உயிரின் தோற்றத்திலிருந்து ஆரம்பித்து, டி.என்.ஏ.வுக்கு வந்து சேர்வதற்குள் தலைவி ஒரு தூக்கம் முடித்திருந்தார். தட்டுகளை இன்னும் யாரும் பார்க்கவில்லை. சின்னவளும் பார்க்கவில்லை. காலையில் இருட்டறை வாசல்வரை போய்விட்டுத் திரும்பிவிட்டாள். அணைந்திருந்தால் சொல்வது சுலபம். அணையாவிட்டாலும் சொல்லத்தான் வேண்டும். பார்ப்பதற்கு முன்னால் சொன்னால்தான் அதற்கு மதிப்பு.

“ஒரு விஷயம்,” என்று அவள் எழுந்தாள். “பச்சை அணைஞ்ச அன்னைக்கு நான் விதிப்படி செய்யல. செஞ்சதா எல்லார்கிட்டயும் சொன்னேன். அப்படித்தான் நானே நினைச்சுக்கிட்டிருந்தேன். இழையை ஐஸ்ல போடாம மறந்துட்டேன்.”

பிரகடனம் கண்ணை மூடிக்கொண்டார். தலைவி கண்ணைத் திறந்தார்.

“ஏன் மறந்தீங்க?”

“அத்தான் போன் பண்ணாரு.”

“எவ்வளவு நேரம் ஆற விட்டீங்க?”

“அத்தான் பேசி முடிக்கிற வரைக்கும்.”

“அது எவ்வளவு நேரம்?”

“அது அன்னன்னைக்கு மாறும் மேடம்.”

யாரும் சிரிக்கவில்லை. தராசு மட்டும் நாற்காலியில் முன்னுக்கு வந்தார். “சூடு எவ்வளவு வேகமா இறங்குதுன்னு நான் அளந்துடறேன் மேடம்,” என்றார், தலைவியிடமா சின்னவளிடமா என்று தெரியாமல். “அத்தானை வெச்சு அளக்க முடியாது.”

எல்லாரும் இருட்டறைக்குப் போனார்கள். முதல் தட்டை வைத்தார்கள். தலைவி குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். திருகைத் திருப்பினார். மறுபடி பார்த்தார்.

“ஒண்ணுமே தெரியலையே,” என்றார்.

பிரகடனம், “மேடம், நாங்க முதல்லேருந்தே இவங்க முடிவைப் பத்தி ஒரு எச்சரிக்கையோடதான்…” என்று ஆரம்பித்தார்.

“சார்,” என்றார் தராசு, “ஒண்ணும் தெரியாததுதான் சார் முடிவு.”

சொல்லிவிட்டு அவரே முதலில் நுண்ணோக்கியின் விளக்கு எரிகிறதா என்று பார்த்தார். எரிந்தது. சாதாரண வெளிச்சத்தில் செல்கள் இருக்கின்றனவா என்று பார்த்தார். இருந்தன, ஆரோக்கியமாக. பிறகு ஐஸில் போட்ட இழையின் தட்டை வைத்தார். அறையே லேசாகப் பச்சையானது போல இருந்தது. மறுபடி முதல் தட்டு. இருட்டு. அதற்கு ஜோடி இழையைக் கொடுத்து வைத்தார்கள். மறுநாள் விமானத்துக்குக் கிளம்பும் முன் தலைவி வந்து பார்த்தபோது, பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாகத் திரும்ப எரிந்துகொண்டிருந்தன. அவர் நிமிர்ந்து, ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு, “எனக்கும் ஒரு மச்சான் இருக்காரு. பேசவே மாட்டாரு,” என்று சின்னவளிடம் சொல்லிவிட்டுப் போனார். ஆராய்ச்சி தொடரலாம் என்று கடிதம் பிறகு வந்தது.

பிரகடனம் அன்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்: ‘நெறிப்படுத்தப்பட்ட நிதானக் குளிர்விப்பு உத்தி’. அப்படி ஒன்று இருக்கக்கூடும் என்று தான் இளமையிலேயே ஐயப்பட்டதாகவும் அறிவித்தார். சுவரில் இருந்த பழைய விதியை யாரும் கழற்றச் சொல்லவில்லை. மறுநாள் வந்து பார்த்தபோது இல்லை. தராசின் மேஜையில், அதன் பளபளப்பான உறைக்குள், அவர் அளந்த சூட்டின் கணக்கு இருந்தது.

தராசு அவள் பக்கத்தில் வந்து நின்றார். “சின்னவ மேடம், நான் ஒண்ணும் சொல்லல.”

“சொல்லுங்க.”

“சனிக்கிழமை உங்களையும் சேர்த்துத்தான் சந்தேகப்பட்டேன்.”

“நானும்தான்,” என்றாள் சின்னவள். அவளுக்கு அவர்மேல் வந்தது கோபமில்லை, நன்றி. அந்த மனிதர் மட்டும் முகதாட்சண்யத்துக்காக, ‘எனக்கும் லேசா அணைஞ்ச மாதிரி இருக்கு’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், எல்லாரும் நிம்மதியாகி, காரணத்தை யாரும் தேடியிருக்க மாட்டார்கள். பிறகு எங்கோ யாரோ செய்து பார்த்து, அணையாமல், அவள் பெயரைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பார்கள். “நீங்க அணையலன்னு சொன்னதுக்கு ரொம்ப நன்றி,” என்றாள். தராசு அந்த நன்றியை எடை போட்டுப் பார்த்துவிட்டு, சரியாக இருந்ததால் எடுத்துக்கொண்டார்.

கட்டுரை எழுதும்போதுதான் ஒரு சின்னச் சண்டை. கடைசியில் நன்றி சொல்லும் பத்தியில் அத்தான் பெயர் வர வேண்டும் என்றாள் சின்னவள். பாத்ரூம் சுவர் என்ற சொல் தன் கட்டுரையில் வராது என்றார் பிரகடனம். சுவர் வேண்டாம், அத்தான் போதும் என்றாள் அவள். ஆயுளில் முதல் தடவையாக அவரிடம் விடாப்பிடியாக நின்றாள். கடைசியில் அவரே மற்றவர்களுக்கு நன்றி சொல்ல எல்லாரும் எழுதும் வாசகத்தை எடுத்துக் கொடுத்தார். பெரிய பெரிய பேராசிரியர்களின் வரிசையில், கடைசிக்கு முந்திய இடத்தில், ஓய்வு பெற்ற நேரக் காப்பாளர் ஒருவருக்கு, ‘ஆழ்ந்த பயனுள்ள கலந்துரையாடலுக்காக’ ஆசிரியர்கள் கடமைப்பட்டிருந்தார்கள்.

சின்னவள் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு கீழே போனாள். அத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று தடவை படித்தார். பிறகு பேசாமல் இருந்தார். அக்கா பயந்துபோய் அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

“கலந்துரையாடல்னு போட்டிருக்கே,” என்றார் கடைசியில். “நீதான் ஒண்ணும் பேசலையே.”

“நீங்க விட்டாத்தானே,” என்றாள் சின்னவள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தோளில் ஒருமுறை தலையைச் சாய்த்துவிட்டு நிமிர்ந்தாள். சிறு வயதில்கூடச் செய்ததில்லை. அவர் உடனே, அதை மறைக்க, மொட்டை மாடித் தண்ணீர்க் குழாயைப் பற்றி ஆரம்பித்தார். அக்கா சமையலறைக்குத் தப்பினாள். சின்னவள் இருந்தாள்.

இப்போது முடிதிருத்துபவர், மருந்துக் கடைக்காரர், பேருந்து நிலையத்தின் புது நேரக் காப்பாளர் எல்லாருக்கும், புரதம் எப்படி நிற்கிறது என்பதும் அதைத் தான் எப்படி நிறுத்தினார் என்பதும் அத்தான் சொல்லித் தெரியும். நரம்பு நோய்க்கு மருந்து வந்தாச்சு என்றும் சொல்லிவருகிறார். பிரகடனமும் அதையேதான் சொல்லிவருகிறார்.

அந்த இழை இதுவரை யாரையும் குணப்படுத்தவில்லை.